விடுதியான பங்களாக்கள், விடுபட்ட லயங்கள்

அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச்செல்லும் ஏ-7 நெடுஞ்சாலையில், தலவாக்கலையைக் கடந்ததும் வருகின்ற லிந்துலை, நிர்வாக வகையில் தலவாக்கலை - லிந்துலை நகரசபைக்குள் அடங்கும் சிறு நகரமாயினும், மட்டுக்கலை, தங்கக்கலை, பம்பரகலை, ஹென்போல்ட், மெராயா எனச் சூழவுள்ள தோட்டங்களின் மக்களுக்குக் கடைவீதியும் மருத்துவமனையும் பஸ் தரிப்பிடமும் அதுவே. தேயிலை வணிகத்தில் டிம்புள்ள என்று அழைக்கப்படும் வலயத்தைச் சேர்ந்த இப்பகுதியில், ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட குளிர்காலத்தில் பறிக்கப்படும் கொழுந்துக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு உண்டு. அதே மாதங்களிலும், அதைத் தொடர்ந்து வரும் ஏப்ரல் மாத நுவரெலியா 'சீசன்' காலத்திலும், உல்லாசப் பயணிகளை ஏற்றிய வாகனங்கள் லிந்துலையில் நில்லாமல் கடந்துபோகின்றன. அவர்களிற் பலர் பணம் கொடுத்துத் தங்கப்போவது நுவரெலியா நகரத்திலும், கந்தப்பளையிலும், காசல்ரீ நீர்த்தேக்கக் கரையிலும் உள்ள 'மரபுரிமை விடுதி'களில் ஆகும்.

மரபுரிமை விடுதி என்ற பெயரின் கீழ் இருவேறு வகைக் கட்டடங்கள் அடங்குகின்றன. முதல் வகையில், வேறொரு தேவைக்காக எழுப்பப்பட்ட பழைய கட்டடம், அதன் சுவரும் கூரையும் கூடியவரை மாறாமல் காக்கப்பட்டுத் தங்குமிடமாக்கப்படுகிறது. கட்டடக்கலை அறிஞர்கள் இதனைத் தகவமைத்த மறுபயன்பாடு என்பர். இரண்டாவது வகையில், கட்டடம் புதிதாகவே இருக்க, சரிந்த கூரை, மரச்சட்டங்கள் குறுக்கிட்ட வெள்ளைச் சுவர், புகைபோக்கி, கணப்படுப்பு ஆகிய பழைய சாயல்கள் மட்டும் அதன்மீது ஏற்றப்படுகின்றன. நுவரெலியாவில் இந்த இரண்டும் அருகருகே நிற்பதால், எது பழையது, எது பழைமையைத் தழுவியது என்று பிரித்தறிவது வெளியூர் விருந்தினருக்கு எளிதன்று. எனினும் இவ்விரு வகை விடுதிகளும் ஒரே கதையையே சொல்கின்றன என்பதும், அந்தக் கதையில் தேயிலை மலையில் வாழ்ந்தவர்களில் மிகச் சிறு பகுதியினரே இடம்பெறுகின்றனர் என்பதுமே இங்கு ஆராயத் தக்கவை.

கதையின் தொடக்கம் பழையது. 1824 முதல் 1831 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், குளிர்ந்த காலநிலையில் ஓய்வெடுப்பதற்காக நுவரெலியாவில் கட்டுவித்த 'பார்ன்ஸ் ஹால்' என்ற இல்லமே பின்னாளில் பலமுறை விரிவாக்கப்பட்டு, இன்று கிராண்ட் ஹோட்டல் என்று அறியப்படும் பெரிய விடுதியாயிற்று. தோட்டத்துரைமார் கூடுவதற்காக 1876 இல் தொடங்கப்பட்ட ஹில் கிளப், இரவு உணவு மண்டபத்துக்கு வரும் ஆண்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணியவேண்டும் என்ற வழக்கத்தை நெடுங்காலமாகப் பேணிவருகிறது. புகையிரதப் பாதை 1885 இல் நானுஓயாவை எட்டியபின், கொழும்பின் வெப்பத்திலிருந்து மலைக்கு வந்து தங்குவது வசதி படைத்தோரின் வழமையாகிவிட்டது.

பார்ன்ஸ் தம் இல்லத்தைக் கட்டுவித்த அதே 1820களில்தான், கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்வதற்காகத் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர்கள் மலைநாட்டுக்கு முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த வருகையின் தொடக்கமாக 1823 ஆம் ஆண்டைக் கொண்டே, 'மலையகம் 200' என்ற நினைவுகூரல் 2023 இல் நடைபெற்றது. முன்னோர் நடந்துவந்த வழியைப் பின்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணமும் அவ்வாண்டு மேற்கொள்ளப்பட்டது. ஆகவே ஆளுநரின் மாளிகையும் தொழிலாளர் சமூகமும் இம்மலையில் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. மாளிகை மரபுரிமை என்று கொண்டாடப்பட்ட காலத்திலேயே, அச்சமூகம் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றதாக்கப்பட்டு, 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை முழுமையான குடியுரிமைக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

கந்தப்பளைத் தொழிற்சாலை

மலையகத்தில் மறுபயன்பாட்டுக்குச் சிறந்த சான்று எதுவென்று கேட்டால், கந்தப்பளையில் உள்ள ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையையே முதலில் சுட்டவேண்டும். மலையகத் தமிழர் பேச்சில் 'இஸ்டோர்' எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை, பல மாடிகளும் நெருக்கமான யன்னல் வரிசைகளும் கொண்ட நீண்ட கட்டடமாக இருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று. பறித்த கொழுந்தின் ஈரத்தைக் குறைக்கும் 'வாட்டுதல்' என்ற முதற்கட்ட வேலைக்கு, இலையை மெல்லியதாகப் பரப்புவதற்கு மிகப்பெரிய பரப்பும், அதன் ஊடாகச் செல்லும் காற்றும் தேவைப்பட்டன. ஆகையால் மேல்மாடிகள் முழுவதும் சாக்குத்துணி விரித்த தட்டுகளால் நிரப்பப்பட்டிருந்தன. வாடிய இலை கீழ்த்தளத்துக்கு இறக்கப்பட்டு, உருளைகளில் நசுக்கி உருட்டப்பட்டு, நொதிக்க விடப்பட்டு, அடுப்புக் காற்றில் உலர்த்தப்பட்டு, சல்லடைகளில் தரம் பிரிக்கப்பட்டது. விசிறிகள் பொருத்திய நீண்ட வாட்டுத் தொட்டிகள் பின்னர் புழக்கத்துக்கு வந்ததும் மேல்மாடிகளின் தேவை குறைந்தது. சிறு தொழிற்சாலைகள் பல மூடப்பட்டு, இலை பெரிய தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்படலாயிற்று. அவ்வாறு 1970களில் கைவிடப்பட்ட ஹெதர்செட் தொழிற்சாலையை எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் எடுத்துச் சீரமைத்து, 1996 இல் விடுதியாகத் திறந்தது.

சீரமைப்பின் நேர்மை பாராட்டத்தக்கது. கொழுந்து வாடிய மாடிகளே படுக்கையறைகளாயின. யன்னல் வரிசைகள் மாற்றப்படவில்லை. இரும்புத் தூண்களும் விட்டங்களும் பூச்சுக்குள் மறைக்கப்படாமல் வெளித்தெரிய விடப்பட்டன. தொழிற்சாலையை ஓட்டிய பழைய இயந்திரம் விருந்தினர் காணும்படி அதன் இடத்திலேயே பேணப்பட்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டு, 1940களில் கைவிடப்பட்ட குறுகிய புகையிரதப் பாதையின் நினைவாக, ரயில் பெட்டியொன்றும் அங்கே உணவகமாக்கப்பட்டுள்ளது. யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய - பசிபிக் வலயத்தில் மரபுரிமைக் கட்டடப் பாதுகாப்புக்காக வழங்கும் விருதுகளில் 2001 இல் இந்த விடுதி சிறப்புக் குறிப்பைப் பெற்றது. அன்று எவரும் கைவைத்திராவிட்டால், அத்தொழிற்சாலை இரும்பு வியாபாரிகளுக்குத் துண்டு துண்டாக விற்கப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. மலையகத்தில் அவ்வாறு அழிந்த இஸ்டோர்களை ஹட்டனுக்கும் ஹப்புத்தளைக்கும் இடையே எங்கும் காணலாம்.

எனினும் இயந்திரத்துக்குக் கிடைத்த இடம் அந்த இயந்திரத்துக்கு இலை கொண்டுவந்தவர்களுக்குக் கிடைத்ததா என்ற வினா இத்தகைய விடுதிகள் அனைத்தையும் நோக்கி எழுகிறது. வாட்டு மாடிக்கு வந்த கொழுந்தில் ஒவ்வோர் இலையும் பெண் தொழிலாளியின் விரலால் கிள்ளப்பட்டு, தலையில் கட்டிய கயிற்றில் முதுகில் தொங்கும் கூடையில் சேர்க்கப்பட்டு, மலைச்சரிவில் சுமந்துவரப்பட்டு, கணக்கப்பிள்ளையின் முன்னால் றாத்தல் கணக்கில் நிறுக்கப்பட்டது. விருந்தினர் சேலை உடுத்துக் கூடை மாட்டிச் சிறிது நேரம் கொழுந்து பறித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சில விடுதிகள் செய்து தருகின்றன. ஒரு நாள் பேர், அதாவது முழு நாட்சம்பளத்துக்கான பதிவு, விழுவதற்குக் குறித்த நிறையைப் பறித்தே தீரவேண்டும் என்பதையும், நிறை குறைந்தால் அரைப்பேர் மட்டுமே பதியப்படும் என்பதையும் அந்த விருந்தினருக்கு எவரும் எடுத்துச் சொல்லாதபோது, அந்த ஏற்பாடு உழைப்பை வேடமாகச் சுருக்கிவிடுகிறது. இதை மரபுரிமை என்று ஏற்பதற்கில்லை.

மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம்

தொழிற்சாலையைக் காட்டிலும் விருந்தினரை அதிகம் ஈர்ப்பது துரை பங்களா ஆகும். டில்மா தேயிலை நிறுவனத்தை நடத்தும் குடும்பத்தார், காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் பொகவந்தலாவைப் பகுதியிலும் உள்ள காசல்ரீ, நோர்வூட், சமர்வில், டியன்சின் ஆகிய பழைய பங்களாக்களைச் சீரமைத்து, 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் 2005 இல் தொடங்கிய விடுதித் தொகுதி, தேயிலைப் பங்களாக்களில் தங்குவது என்ற கருத்தையே உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றது. பின்னர் டன்கெல்ட் பங்களாவும் அதில் சேர்ந்தது. அதன் வெற்றியைக் கண்ட ஏனைய பெருந்தோட்டக் கம்பனிகளும் தங்கள் பங்களாக்களில் சிலவற்றை விருந்தினருக்குத் திறந்துவிடத் தொடங்கின.

இந்தப் பங்களாக்களின் அமைப்பை விளங்கிக்கொள்வதற்குத் தோட்டத்தின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ளவேண்டும். தோட்டம் என்பது மேடு பள்ளங்களின் மீது வரையப்பட்ட அதிகார வரிசை. பெரிய துரையின் பங்களா, காற்றும் காட்சியும் வாய்த்த குன்றின் உச்சியில், புல்வெளியும் ரோசாப் பாத்திகளும் சூழ அமைந்தது. அதற்குச் சற்றுத் தாழ்வில் சின்னத்துரையின் பங்களா. அதன் கீழே கண்டக்டர், டீமேக்கர், கிளாக்கர் ஆகியோரின் குவாட்டர்ஸ் எனப்படும் உத்தியோகத்தர் வீடுகள். எல்லாவற்றுக்கும் கீழே, தேயிலை நடுவதற்கு உகந்ததல்லாத ஓடையோர நிலத்தில் லயங்கள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் நீளவாட்டில் அமைந்த அறைகளின் வரிசை. சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையும் உண்டு. காம்பரா எனப்படும் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒடுங்கிய விறாந்தை. அதற்குள்ளேயே சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு அனைத்தும். அதிகாலையில் தப்பு அடித்து எழுப்பப்பட்ட தொழிலாளர்கள், அன்றைய வேலை பிரித்துக்கொடுக்கப்படும் பெரட்டுக் களத்தில் கூடினர். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைக்கப்பட்டனர். பங்களாவின் யன்னலிலிருந்து பார்த்தால் லயம் தெரியாதபடியும், லயத்திலிருந்து பார்த்தால் பங்களா எப்போதும் தெரியும்படியும் அமைந்த தோட்டங்கள் டிம்புள்ள வலயத்தில் பல உண்டு.

பங்களாவை இயக்கியவர்களும் பள்ளத்திலிருந்தே ஏறிச்சென்றார்கள். சமையலையும் பரிமாறலையும் கவனித்த அப்பு, அவருக்கு உதவிய பொடியன், புல்வெளி வெட்டிய தோட்டக்காரன், கணப்படுப்புக்கு விறகு சுமந்தவன், குளிப்பதற்கு வெந்நீர் வைத்தவன், துரைப்பிள்ளைகளை வளர்த்த ஆயா எனப் பத்துக்கும் குறையாதோரின் உழைப்பில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. இன்று பங்களா விடுதிகளில் விருந்தினர் பெரிதும் மெச்சும் பணிவான உபசாரத்தின் மூலம் இந்த அமைப்பே ஆகும். விடுதியின் வரவேற்பறையில் பழைய துரைமாரின் பெயர்கள் பதவிக்கால வரிசையில் பலகையில் எழுதப்பட்டிருக்கும். அதே பங்களாவில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த அப்புமாரின் பெயர்ப் பலகை எந்த விடுதியில் தொங்குகிறது?

பெயரின்றிப் போவது இம்மக்களுக்குப் புதிதன்று. புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன், 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இம்மலையகத்திலேயே இறந்து, பொகவந்தலாவைத் தேவாலய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறை இன்று மரபுரிமைச் சுற்றுலாவின் தரிப்பிடங்களுள் ஒன்று. இங்கிலாந்தில் இருந்தபோது தாம் படமெடுத்த கவிஞர்களையும் அறிஞர்களையும் பெயரோடு வரலாற்றில் நிறுத்திய அக்கலைஞர், இலங்கையில் எடுத்த படங்களில் உள்ள தமிழ்த் தொழிலாளர்களின் முகங்கள் பெரும்பாலும் பெயரின்றியே அருங்காட்சியகங்களில் உள்ளன.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்த ஒருதலைச் சாய்வுக்கு விடுதி நடத்துவோரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது; நாட்டின் சட்டமே மலையகத்தின் கட்டடங்களைக் கண்டுகொள்ளாத வகையில் எழுதப்பட்டுள்ளது. இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் கையளிக்கப்பட்ட 1815 மார்ச் 2 ஐ எல்லை நாளாகக் கொண்டு, அதற்கு முற்பட்டவற்றுக்கே இயல்பான பாதுகாப்பை அளிக்கிறது. அந்த நாளுக்குப் பிற்பட்ட கட்டடத்தைக் காப்பதற்குத் தனியான அரச அறிவித்தல் தேவை. பெருந்தோட்டங்களின் வரலாறு முழுவதும் அந்த நாளுக்குப் பிந்தியது ஆகையால், பங்களாவாயினும் லயமாயினும் தோட்டத்துக் கோயிலாயினும், எவரேனும் முயன்றாலன்றிச் சட்டத்தின் கண்ணில் அவை வெறும் கட்டடங்களே.

ஒரு கட்டடத்துக்காக மக்கள் குரல்கொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கு நுவரெலியா அஞ்சலகம் சான்று. 1894 இல் செங்கல்லால் கட்டப்பட்டு, மணிக்கூட்டுக் கோபுரத்தோடு நகரின் அடையாளமாக நிற்கும் அக்கட்டடத்தைச் சுற்றுலா விடுதித் திட்டத்துக்குக் கொடுப்பதற்கு 2023 இல் அரசு முனைந்தபோது, அஞ்சல் தொழிற்சங்கங்கள் அவ்வாண்டு நவம்பரில் நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கின. கடிதம் போடவும் ஓய்வூதியம் பெறவும் எவரும் படியேறக்கூடிய பொது இடமாக அது இருந்துவருவதே அதன் மரபுரிமை என்பதே அவர்களது எதிர்ப்பின் சாரம். அவுஸ்திரேலிய மரபுரிமை வல்லுநர்கள் 1979 இல் வகுத்து, பின்னர் பல நாடுகள் பின்பற்றிய பர்ரா சாசனம் என்ற வழிகாட்டி ஆவணமும் இதையே வலியுறுத்துகிறது: இடத்தின் பெறுமதி, அதன் கல்லிலும் மரத்திலும் மட்டுமன்றி, அதன் பயன்பாட்டிலும், அதனோடு பிணைந்த மக்களின் உறவிலும் நினைவிலும் தங்கியுள்ளது. அஞ்சல் ஊழியர்களின் நிலைப்பாடு சரியானது. மறுபயன்பாடு, பயனிழந்த கட்டடத்துக்கு உயிர் கொடுக்கும் வழி. பயனில் உள்ள கட்டடத்தை மக்களிடமிருந்து பிரிப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டலாகாது.

லயங்களின் நிலை இதனினும் சிக்கலானது. அவை இன்னும் மக்கள் வாழும் இடங்கள். வாழத் தகாதவை என்பதால் இடிக்கப்பட வேண்டியவை. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, ஏற்கெனவே நடைபெற்றுவந்த வீடமைப்புத் திட்டத்தோடு மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்று அறிவித்தார். காணி உறுதியோடு கூடிய தனிவீடு என்பது மலையக மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021 வரையும், 1,350 ரூபாவாவதற்கு 2024 வரையும் போராடிய மக்களின் பல மாத வருமானத்துக்கும் மேலான தொகை, உயர்தரப் பங்களா விடுதிகளில் ஓரிரவுக் கட்டணமாக வசூலிக்கப்படும் நிலையில், லயத்தை அழகுபடுத்திப் பாதுகாக்கவேண்டும் என்று எவரேனும் கூறினால் அது கொடுமையே. ஆயினும் ஒரு லயத்தைக்கூட அளக்காமல், வரையாமல், படமெடுக்காமல், அங்கு வாழ்ந்தோரின் பெயர்களைப் பதியாமல் அனைத்தையும் இடித்துவிட்டால், நூறாண்டுகளுக்குப் பின் மலையகத்துக்கு வருபவர் பங்களாக்களை மட்டுமே கண்டு, இம்மலைகளில் துரைமார் மட்டுமே வாழ்ந்தனர் என்ற முடிவுக்கே வருவார்.

இதற்கான வழி ஏற்கெனவே காட்டப்பட்டுள்ளது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம், கம்பளைக்கு அண்மையில் உள்ள பழைய பீக்கொக் தோட்டத்தில் பழைய லயமொன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் மாற்றி 2007 இல் திறந்தது. அங்கே வைக்கப்பட்டுள்ளவை சமையற் பாத்திரங்கள், வேலைக் கருவிகள், தப்பு, தொழிற்சங்க ஆவணங்கள், கடன்பட்ட தொழிலாளரைத் தோட்டத்தோடு பிணைத்துவைத்து 1921 இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் சான்றுகள் போன்ற எளிய பொருட்களே. கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலையில் அமைந்த தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களின் வரலாற்றையும் தேயிலைப் பயிர்ச்செய்கையின் முன்னோடியான ஜேம்ஸ் டெய்லரின் நினைவையும் காக்க, கம்பளை லயம் மனிதரின் வரலாற்றைக் காக்கிறது. சுற்றுலா நிறுவனங்களின் பயணத் திட்டங்களில் முதலாவது இடம்பெறுகிறது. இரண்டாவதைக் காண்பது அரிது.

தமிழ்நாட்டின் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் போன்ற ஊர்களின் மாளிகைகள் விடுதிகளானபோது, அவற்றைக் கட்டிய குடும்பங்களின் வணிக வரலாறும், செட்டிநாட்டுச் சமையலும், கைத்தறியும், ஆத்தங்குடிக் கற்களும் விருந்தினருக்கு எடுத்துச் சொல்லப்பட்டன. அக்குடும்பங்களின் சந்ததியினர் அதில் பங்கெடுத்தனர். மலையகத்திலோ பங்களாவின் சந்ததியினர் கடல்கடந்து போய்விட்டனர். கதையைச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் பள்ளத்து லயங்களில் வாழ்கின்றனர். தோட்டத்து இளைஞர்கள் விடுதிகளில் வேலை பெறுகிறார்கள் என்பது நல்லதே. அவர்களது பணி தட்டு ஏந்துவதோடு நின்றுவிடாமல், தோட்டத்தின் வரலாற்றை விருந்தினருக்கு விளக்கும் வழிகாட்டிகளாகவும் அவர்கள் பயிற்றப்படவேண்டும். துரைமாரின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் செக்றோல் எனப்படும் பழைய பெயர்ப் பதிவேட்டிலிருந்து தொழிலாளர்களின் பெயர்கள் எழுதப்படவேண்டும். சுவரில் தொங்கும் தோட்டப் படத்தில் பெரட்டுக் களமும் பிள்ளைக் காம்பராவும் லயங்களும் மாரியம்மன் கோயிலும் குறிக்கப்படவேண்டும். விளக்கப் பலகைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதுபோலத் தமிழிலும் இருக்கவேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

தலவாக்கலைத் தொகுதியை 1947 ஆம் ஆண்டின் முதற் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்திய சி. வி. வேலுப்பிள்ளை, இதே மலைகளில் பிறந்து, தோட்டத்து மக்களின் வாழ்வையும் வாய்மொழிப் பாடல்களையும் எழுத்தில் பதித்தவர். அவர் தனியொருவராகச் செய்ததை, லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பகுதிகளின் பாடசாலைகளும் கோயிற் சபைகளும் வாசகர் வட்டங்களும் கூட்டாகச் செய்ய இயலும். ஆகவே தோட்டங்களில் வாழும் வாசகர்களுக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் தமிழகத்துக்கும் வெளிநாடுகளுக்கும் சென்று குடியேறியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டுகளையும், பிரஜாவுரிமைப் பத்திரங்களையும், தொழிற்சங்க அட்டைகளையும், திருமணப் படங்களையும் எறிந்துவிடாதீர்கள், புதுவீட்டுக்குக் குடிபோகும் முன் பழைய காம்பராவை ஒருமுறை படமெடுத்து, அதில் வாழ்ந்த பெரியவர்களின் பெயர்களையும், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதையும் படத்தின் பின்புறத்தில் எழுதிவையுங்கள்.